ஃபேர்-ஃபவுல் அடியும் ராஸ் பார்ன்ஸும்: பேஸ்பாலின் முதல் சாம்பியன் பேட்டர் மறக்கப்பட்டது எப்படி?

2024 மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் தன் சாதனைப் பட்டியலைத் திருத்தியது. நிறவெறியால் ஒதுக்கப்பட்ட கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடிய நீக்ரோ லீக்குகளின் கணக்கு, 1920 முதல் 1948 வரை, அதில் சேர்க்கப்பட்டது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் பல தலைமுறைகளாக முதலிடத்தில் இருந்த டை காப் (0.367) இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். ஜாஷ் கிப்சன் (0.372) முதலிடம் பெற்றார்.

எல்லாரும் எப்போதோ ஆடி முடித்துவிட்டார்கள். அப்புறம் பட்டியல் மட்டும் எப்படி மாறுகிறது? பலருக்கு வந்த குழப்பம் இதுதான். எந்த லீக்கைக் கணக்கில் எடுப்பது, எந்த விதியின்படி எண்ணுவது என்பதெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து எடுக்கும் முடிவுகள். முடிவு மாறினால் பட்டியலும் மாறும். இதைப் புரிந்துகொள்ள ராஸ் பார்ன்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1870களில் அமெரிக்காவின் தலைசிறந்த இன்ஃபீல்டர் அவர். நேஷனல் லீக்கின் முதல் பேட்டிங் சாம்பியனும், அந்த லீக்கில் முதல் ஹோம் ரன் (ஒரே அடியில் முழுச் சுற்றும் ஓடி முடிப்பது) அடித்தவரும் அவரே. அப்படியிருந்தும் இன்று பேஸ்பால் ரசிகர்களிலேயே பலருக்கு அவர் பெயர் தெரியாது.

கிரிக்கெட் சராசரி வேறு, இது வேறு

கிரிக்கெட்டில் எடுத்த ரன்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்கிறோம். பேஸ்பாலில் வகுப்பது ஹிட்களை. பந்தை அடித்துவிட்டு, எதிரணியின் தவறால் அல்லாமல், பத்திரமாக ஒரு பேஸை (ஓடிச் சேர வேண்டிய மைதானப் புள்ளியை) எட்டினால் அது ஒரு ஹிட். மொத்த ஹிட்களை மொத்த அடிக்கும் வாய்ப்புகளால் வகுத்தால் பேட்டிங் சராசரி. 0.300 என்றால் பத்து வாய்ப்பில் மூன்று ஹிட். இன்றைக்கு அது நல்ல ஆட்டக்காரரின் அடையாளம். ஒரு முழு சீசனில் 0.400 தொடுவது அபூர்வம்.

பந்துவீச்சாளர் நான்கு தவறான பந்துகள் வீசினால் பேட்டர் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதை ‘வாக்’ என்பார்கள். இன்றைய கணக்கில் வாக் ஒரு வாய்ப்பாகவே எண்ணப்படாது. அந்தக் காலத்தில் இது அடிக்கடி மாறியது. தவறான பந்துகள் எத்தனை என்பதும் மாறியது, வாக்கை எப்படி எண்ணுவது என்பதும் மாறியது. 1887இல் ஒரே ஒரு வருடம் வாக்கையே ஹிட்டாக எண்ணினார்கள். 1876இல் அதற்கு நேர் எதிராக, வாக் ஒரு வீணான வாய்ப்பாகக் கணக்கில் ஏறியது.

அதனால்தான் பார்ன்ஸின் 1876 சராசரிக்கு இரண்டு எண்கள் புழக்கத்தில் உள்ளன. அவர் அடித்தது 138 ஹிட். வாக்குகளை விட்டுவிட்டால் வாய்ப்புகள் 322, சராசரி 0.429. அவருடைய 20 வாக்குகளையும் சேர்த்தால் வாய்ப்புகள் 342, சராசரி 0.404. ஒரே மனிதர், ஒரே சீசன், அதே 138 ஹிட்.

இன்ஃபீல்டர் என்றால்

பேஸ்பால் மைதானம் ஒரு மூலையிலிருந்து விசிறிபோல் விரியும். அந்த மூலைதான் ஹோம் பிளேட். பேட்டர் அங்கே நிற்கிறார். அங்கிருந்து இரண்டு கோடுகள், ஒன்று முதல் பேஸ் வழியாகவும் மற்றது மூன்றாம் பேஸ் வழியாகவும், மைதானத்தின் கடைசி வரை போகும். கோடுகளுக்கு நடுவே உள்ளது ‘ஃபேர்’, வெளியே இருப்பது ‘ஃபவுல்’. கிரிக்கெட்டில் விக்கெட்டுக்குப் பின்னாலும் தட்டிவிட்டு ஓடலாம். பேஸ்பாலில் அப்படி ஓட முடியாது. பந்து ஃபேர் பகுதிக்குள் இருந்தால்தான் ஓட்டம் செல்லும்.

பேஸ்களை ஒட்டி நிற்கும் நான்கு தடுப்பாளர்கள் இன்ஃபீல்டர்கள்: முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் ஆகியவற்றுக்கு ஒவ்வொருவர், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஷார்ட்ஸ்டாப். தரையில் உருண்டும் குதித்தும் வரும் பந்தைப் பிடித்து, ஓடுபவர் எட்டும் முன் பேஸுக்கு எறிய வேண்டும்.

பார்ன்ஸின் காலத்தில் இதை வெறுங்கையால் செய்தார்கள். கையுறை போடும் பழக்கம் பரவியிருக்கவில்லை, தரையும் சமமாக இருக்காது. பத்து வாய்ப்பில் ஒன்றைத் தவறவிட்டாலும் சிறந்த இரண்டாம் பேஸ்காரர் என்று பெயர் வாங்கலாம். பார்ன்ஸின் 1876 கணக்கு ஏறக்குறைய அதுதான், அந்த வருடம் லீக்கிலேயே அது முன்னணி. இன்று அந்த இடத்தில் ஆடுபவர்கள் நூற்றில் இரண்டு மூன்றுதான் தவறவிடுகிறார்கள். இந்த வித்தியாசத்தை வைத்து அன்றைய ஆட்டக்காரர்களைக் குறைத்து எடைபோடுவது நியாயமில்லை. வெறுங்கையில் அந்தப் பந்தை வாங்கிப் பார்த்தால் தெரியும்.

ராக்ஃபோர்டிலிருந்து பாஸ்டனுக்கு

சார்லஸ் ராஸ்கோ பார்ன்ஸ் 1850 மே 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் மாரிஸில் பிறந்தார். வளர்ந்து ஆடத் தொடங்கியது இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில். அந்த ஊரின் ஃபாரஸ்ட் சிட்டி அணியில் அவரோடு ஆடியவர் ஆல்பர்ட் ஸ்பால்டிங். பின்னாளில் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் பெரிய நிறுவனத்தைத் தொடங்கியவர் இவர்தான்.

1867இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் என்ற புகழ்பெற்ற அணி மேற்கு நோக்கிச் சுற்றுப்பயணம் வந்தது. வழியில் எல்லாரையும் வென்றபடி வந்த அந்த அணி, ஜூலை 25 அன்று சிகாகோவில் இந்த ராக்ஃபோர்டு பையன்களிடம் 29–23 என்று தோற்றது. பார்ன்ஸுக்கும் பந்துவீசிய ஸ்பால்டிங்குக்கும் அப்போது 17 வயது. தோற்ற அணியில் இருந்த ஜார்ஜ் ரைட்தான் பின்னர் பாஸ்டனில் பார்ன்ஸின் பக்கத்து இடத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடப் போகிறவர்.

ஜார்ஜ் ரைட்டின் குடும்பத்துக்கு ஒரு கிரிக்கெட் கதை உண்டு. அவருடைய அப்பா சாமுவேல் ரைட் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த தொழில்முறை கிரிக்கெட்டர். நியூயார்க்கின் செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்பில் வேலை பார்த்தார். மூத்த மகன் ஹேரி ரைட்டும் அங்கே கிரிக்கெட் ஆடியவர். வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து நடத்தப்பட்ட முதல் பேஸ்பால் அணியான 1869இன் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸை உருவாக்கியது அந்த ஹேரிதான். சின்சினாட்டி அணி கலைந்ததும் அவர் பாஸ்டனுக்குப் போனார். போகும்போது ராக்ஃபோர்டிலிருந்து ஸ்பால்டிங்கையும் பார்ன்ஸையும் அழைத்துக்கொண்டார்.

1871 மார்ச்சில் முதல் தொழில்முறை லீக்கான நேஷனல் அசோசியேஷன் நியூயார்க்கில் தொடங்கியது. முதல் வருடம் ஃபிலடெல்ஃபியா வென்றது. அடுத்த நான்கு வருடங்களும் பாஸ்டன்தான். 1875இல் பாஸ்டன் 71 ஆட்டங்களில் வென்று 8இல் மட்டுமே தோற்றது. இந்த ஐந்து வருடத்தில் பார்ன்ஸ் மூன்று சீசன்களில் 0.400ஐத் தாண்டினார், 1873இல் 60 ஆட்டங்களில் 125 ரன் எடுத்தார். நடுவில் 1874 கோடையில் பாஸ்டனும் ஃபிலடெல்ஃபியாவும் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, பேஸ்பாலைக் காட்டியதோடு லார்ட்ஸ் உள்ளிட்ட மைதானங்களில் கிரிக்கெட்டும் ஆடின. குறைவான ஆட்கள் கொண்ட எதிரணிகளுக்கு எதிராக 18 அமெரிக்கர்கள் இறங்கினார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் திரும்பினார்கள்.

ஃபேர்-ஃபவுல் அடி எப்படி வேலை செய்தது

அன்றைய விதிப்படி பந்து முதலில் தரையில் படும் இடம்தான் கணக்கு. அது ஃபேர் பகுதியில் பட்டுவிட்டால், அதற்குப் பிறகு எங்கே உருண்டாலும் அது ஃபேர் பந்துதான்.

இந்த இடைவெளியை முதலில் கண்டுகொண்டவர் என்று புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணியின் டிக்கி பியர்ஸைச் சொல்வார்கள். பார்ன்ஸ் அதை ஒரு கலையாக வளர்த்தார். பந்தைக் கீழ்நோக்கி வெட்டி அடிப்பார். அது ஹோம் பிளேட்டுக்கு முன்னால் ஃபேர் பகுதியில் ஒரு குத்து குத்தி, சுழற்சியால் திரும்பி, மூன்றாம் பேஸ் கோட்டைத் தாண்டி வெளியே பாயும். அங்கே தடுப்பாளர் யாரும் கிடையாது. யாராவது ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் பார்ன்ஸ் முதல் பேஸில் நிற்பார், சில சமயம் இரண்டாவதிலும். நமக்குப் பழக்கமான கிரிக்கெட்டில் வைத்துச் சொன்னால் லேட் கட்டுக்குப் பக்கத்தில் வரும் அடி இது: பந்தின் வேகத்தையே பயன்படுத்தி, ஆள் இல்லாத திசைக்கு அனுப்புவது.

இதன் பெரிய பயன் இன்னொரு இடத்தில் இருந்தது. இந்த அடிக்குப் பயந்து மூன்றாம் பேஸ்காரர் கோட்டை ஒட்டியே நிற்க வேண்டியிருந்தது. அவர் நகர்ந்தால் அவருக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் நடுவே பெரிய ஓட்டை விழும், பார்ன்ஸ் அந்த ஓட்டை வழியாக நேராக அடித்துவிடுவார். இரண்டையும் ஒரே சமயத்தில் மூட முடியாது.

அன்றைய பந்துவீச்சும் பேட்டருக்குச் சாதகம்தான். வீச்சாளர் 45 அடி தூரத்திலிருந்து கையைத் தாழ்த்தியே வீச வேண்டும். பந்து உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று பேட்டரே கேட்டு வாங்கலாம். ஆனால் இந்தச் சலுகைகள் அந்த லீக்கில் ஆடிய அத்தனை பேருக்கும் இருந்தவை. அவற்றை வைத்து 0.400ஐ மூன்று முறை தாண்டியவர்கள் எத்தனை பேர்?

1876

1875 சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸின் வில்லியம் ஹல்பர்ட் பாஸ்டனின் நான்கு முக்கிய ஆட்டக்காரர்களை அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் செய்தார்: ஸ்பால்டிங், பார்ன்ஸ், கேல் மெக்வே, டீக்கன் ஒயிட். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து கேப் ஆன்சனையும் எடுத்தார். சீசன் நடுவில் இப்படிப் பேரம் பேசுவது விதிமீறல். தண்டனை வருமோ என்ற நிலையில் ஹல்பர்ட் புது லீக்கையே தொடங்கினார். 1876 பிப்ரவரி 2 அன்று நேஷனல் லீக் பிறந்தது. இன்றைய மேஜர் லீக்கின் ஒரு பாதி அதுதான்.

அந்த முதல் சீசனில் சிகாகோ 52 வெற்றி, 14 தோல்வியுடன் பட்டம் வென்றது. பார்ன்ஸ் சராசரியில் மட்டுமல்ல, ரன்களிலும் (66 ஆட்டத்தில் 126), இரண்டு பேஸ் அடிகளிலும் (21), மூன்று பேஸ் அடிகளிலும் (14) முதலிடம். மே 2 அன்று சின்சினாட்டியில் அவர் அடித்த ஹோம் ரன்தான் லீக்கின் முதல் ஹோம் ரன்.

1877: விதியா, காய்ச்சலா?

1877 சீசனுக்கு முன் விதி மாறியது. தரையில் படும் பந்து முதல் அல்லது மூன்றாம் பேஸைத் தாண்டும்வரை கோட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்கு முன் தானாக வெளியே போய்விட்டால் ஃபவுல். இன்றும் அடிப்படையில் இதே விதிதான். ஃபேர்-ஃபவுல் அடி ஒரே நாளில் செத்தது. அந்த வருடம் பார்ன்ஸின் சராசரி 0.272. நடப்புச் சாம்பியனான சிகாகோ ஐந்தாம் இடத்துக்குச் சரிந்தது.

‘விதி மாறியது, ஆள் காலி’ என்றுதான் இந்தக் கதை வெகுகாலம் சொல்லப்பட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆதாரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை அரைகுறையாகவே நிற்கிறது.

1. அந்த வருடம் பார்ன்ஸ் ஆடியது 22 ஆட்டம் மட்டுமே. அணி ஆடியதோ சுமார் 60. கடுமையான நோயில் விழுந்திருந்தார். அன்று ‘ஏக்யூ’ என்று அழைக்கப்பட்ட அந்த நோயை நம் பக்கத்தில் முறைக்காய்ச்சல் என்போம்: குளிர் நடுக்கி, காய்ச்சல் ஏறி, வியர்த்து இறங்கி, மறுபடி வருவது. அந்தப் பெயரில் சொல்லப்பட்ட காய்ச்சல்களில் பெரும்பாலானவை மலேரியாவாக இருந்திருக்க வேண்டும். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பு செகந்திராபாத்தில் நிரூபணமானது 1897இல்தான். மலேரியா பட்டு எழுந்தவர்களுக்குத் தெரியும், காய்ச்சல் விட்டபிறகும் மாதக்கணக்கில் உடம்பு சொன்னபடி கேட்காது.

2. புது விதி எல்லாருக்கும் பொது. ஆனால் 1877இல் லீக்கின் மொத்தச் சராசரி சரியவில்லை. அந்த வருடச் சாம்பியன், பாஸ்டனுக்குத் திரும்பிப் போயிருந்த டீக்கன் ஒயிட், 0.387 அடித்தார்.

3. 1876இல் பார்ன்ஸ் அடித்த 14 மூன்று பேஸ் அடிகளைக் கவனிக்க வேண்டும். ஹோம் பிளேட் அருகே குத்தி வெளியே ஓடும் பந்தில் மூன்றாம் பேஸ் வரை ஓடுவது கஷ்டம். அவர் பந்தை மைதானத்தின் ஆழத்துக்கும் அடிக்கத் தெரிந்தவர்.

4. அதே சமயத்தில் வளைந்து திரும்பும் பந்துவீச்சும் பரவிக்கொண்டிருந்தது. பழைய முறையில் வளர்ந்த பேட்டர்கள் பலருக்கும் அது தலைவலி.

எனவே என் முடிவு: விதி அவருடைய ஒரு ஆயுதத்தைப் பறித்தது, மூன்றாம் பேஸ்காரரைக் கட்டிப்போடும் அந்தப் பயத்தையும் சேர்த்துப் பறித்தது. 0.429ஐ மறுபடி பார்த்திருக்க மாட்டோம். ஆனால் அவரைச் சாதாரண ஆட்டக்காரராக ஆக்கியதில் காய்ச்சலுக்குத்தான் பெரும் பங்கு. 27 வயதில் அப்படி விழுந்தவர் 1878இல் கனடாவின் லண்டன் நகரத்து டெகம்சே அணிக்கு ஆடினார், 1879இல் சின்சினாட்டிக்கு வந்து 0.266 அடித்தார், 1881இல் பாஸ்டனில் 0.271. இரண்டுமே லீக் சராசரிக்குச் சற்று மேலேதான். அதுவும் அதிகம் ஓட வேண்டிய ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடிக்கொண்டு. அத்துடன் அவர் தொழில் முடிந்தது.

படுத்திருந்த நாட்களுக்குச் சம்பளம்

நோயில் கிடந்த காலத்துக்குச் சிகாகோ கிளப் சம்பளம் தரவில்லை. பார்ன்ஸ் வழக்குப் போட்டார், தோற்றார்.

முந்தைய வருடம் அந்தக் கிளப்புக்குப் பட்டம் வாங்கித் தந்தவருக்கே இதுதான் நிலைமை. நோய்விடுப்பு, காயத்துக்கு ஈடு, தொழிற்சங்கம் எதுவும் கிடையாது. 1879இல் கிளப் முதலாளிகள் கூடி, ஒவ்வொரு அணியும் ஐந்து ஆட்டக்காரர்களைப் பிற அணிகள் தொடாதபடி ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். சம்பளம் பேசும் பலம் இன்னும் சுருங்கியது. 1890இல் ஆட்டக்காரர்கள் பொறுக்க முடியாமல் தங்களுக்கென்று பிளேயர்ஸ் லீக் தொடங்கினார்கள். ஒரே சீசனில் அது முடிந்துபோனது. அந்த லீக்கில் நடுவராக நின்றவர்களில் பார்ன்ஸும் ஒருவர். சம்பளத்துக்காகக் கோர்ட் ஏறியவர் அந்தப் பக்கம் நின்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கணக்குக்கு வெளியே ஐந்து வருடம்

இனி பட்டியலுக்கு வருவோம். 1960களின் கடைசியில், பேஸ்பாலின் முழுக் கணக்கையும் ஒரே புத்தகமாக்கும் முயற்சியையொட்டி ஒரு சிறப்புக் குழு கூடியது. எவையெல்லாம் மேஜர் லீக் என்று அது தீர்மானித்தது. 1871–75 நேஷனல் அசோசியேஷன் தள்ளப்பட்டது. அதன் அட்டவணையும் நடைமுறைகளும் ஒழுங்கற்றவை என்பது காரணம்.

அதில் உண்மை உண்டு. பத்து டாலர் கட்டினால் எந்த அணியும் சேரலாம். பணம் தீர்ந்தால் சீசன் பாதியில் கடையைக் கட்டலாம். சூதாட்டப் புகார்களும் இருந்தன. ஆனால் நாட்டின் ஆகச் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடிய ஒரே லீக் அதுதான். 1875 வரை அங்கே ஆடியவர்கள்தான் 1876இல் நேஷனல் லீக்கில் ஆடினார்கள்.

பார்ன்ஸுக்கு இதனால் விழுந்த அடி இரட்டிப்பு. அவர் ஆடிய 499 ஆட்டங்களில் 265 அந்தத் தள்ளப்பட்ட லீக்கில். மேஜர் லீக் கணக்கில் மிஞ்சுவது நான்கு சீசன், அதிலும் நல்ல ஆட்டம் ஒன்றில்தான். பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் ஆட்டக்காரராக இடம்பெறப் பத்து சீசன் ஆடியிருக்க வேண்டும். நேஷனல் அசோசியேஷனைச் சேர்த்தாலும் பார்ன்ஸுக்கு ஒன்பதுதான் வரும். அந்தப் பத்தாவது சீசன் 1878. கனடாவில் ஆடியது கணக்கில் வராது.

நீக்ரோ லீக்குகளைச் சேர்த்ததையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். அங்கே திருத்தப்பட்டது நிறவெறியின் அநியாயம். பார்ன்ஸ் அந்த நிறவெறிக்குப் பலியானவர் இல்லை. 1867 டிசம்பரிலேயே அன்றைய பேஸ்பால் சங்கம் கறுப்பின உறுப்பினர்கள் உள்ள கிளப்புகளைச் சேர்க்க மறுத்திருந்தது. அப்படி மூடப்பட்ட களத்தில் எடுத்த எண்கள்தான் அவருடையவை. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. சீசன் சிறியது, அட்டவணை சீரற்றது என்பதை வைத்தே ஒரு லீக்கைத் தள்ளும் வாதம் 2024க்குப் பிறகு பலமிழந்துவிட்டது. 1871–75க்கும் அதே அளவுகோலை வைக்கலாம் என்பது என் எண்ணம்.

பார்ன்ஸ் 1915 பிப்ரவரி 5 அன்று சிகாகோவில் இறந்தார். 1876இன் சிகாகோ அணியிலிருந்து ஸ்பால்டிங்கும் ஆன்சனும் 1939இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள். உரிமையாளர் ஹல்பர்ட் 1995இல், டீக்கன் ஒயிட் 2013இல். பாஸ்டனில் பக்கத்தில் நின்று ஆடிய ஜார்ஜ் ரைட் 1937இலேயே போய்விட்டார், அவருடைய அண்ணன் ஹேரி 1953இல். அந்த அணியிலேயே அதிகம் அடித்த இரண்டாம் பேஸ்காரரின் பலகை மட்டும் அங்கே இல்லை.